ஸ்லீவ், பைபாஸ் பண்ணிப் பத்து வருஷம் ஆனப்புறம் என்ன ஆகும்?

முதுநகர்வாசி
3 ஜூன் 2025, இரவு 9.12

அக்காவுக்கு 44 வயசு. எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ. சுகர் வந்து ஆறு வருஷம், இன்சுலின் இல்லை, மாத்திரைதான். எடை குறைய வயித்து ஆபரேஷன் (ஸ்லீவ் இல்லேன்னா பைபாஸ்) பண்ணிக்கச் சொல்றாங்க. மச்சான் பிடிவாதமா இருக்கார்: "சுகர் போயிடும்னு சொல்வாங்க, பத்து வருஷத்துல திரும்பி வந்து நிக்கும். அதுக்கு எதுக்கு லட்சக்கணக்குல செலவு?" இது நெசமா?

கெடிலக்கரை
3 ஜூன், இரவு 10.05

மச்சான் சொன்னதில் பாதி நெசம். ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், ஆபரேஷன் ஆன சுகர்க்காரர்களில் இரண்டாம் வருஷம் 72 சதவீதம் பேருக்குச் சுகர் அடங்கியிருந்தது. பதினைந்தாம் வருஷம் அப்படி இருந்தவர்கள் சுமார் 30 சதவீதம். ஆக, பலருக்குத் திரும்பி வருகிறது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் திரும்பி வந்தால் செலவு வீண் என்கிறாரே, அது தப்பு. சுகர் அடங்கியிருக்கிற ஒவ்வொரு வருஷமும் கண்ணுக்கும் கிட்னிக்கும் கால் நரம்புக்கும் லாபம். 2016ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பிறகு சுகர் திரும்பியவர்களிலும்கூட, அடங்கியிருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சிறு ரத்தக்குழாய் பாதிப்பின் அபாயம் 19 சதவீதம் குறைந்திருந்தது. எட்டு வருஷம் வட்டி கட்டாமல் இருந்துவிட்டு ஒன்பதாம் வருஷம் கட்ட ஆரம்பிப்பது, முதல் நாளிலிருந்தே கட்டுவதற்குச் சமம் ஆகாது.

அக்காவின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) கிட்டத்தட்ட 45. ஆறு வருஷச் சுகர், இன்சுலின் இல்லை: இந்தக் கூட்டத்துக்குத்தான் அது நீண்ட நாள் அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பதினைந்து வருஷச் சுகர், இரண்டு வேளை இன்சுலின் என்றால் இதே உறுதியோடு பேச முடியாது.

கெடிலக்கரை
4 ஜூன், காலை 6.40

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த ஸ்வீடன் ஆய்வில் பெரும்பாலோருக்குச் செய்தது இரைப்பையைத் தையல் போட்டுச் சுருக்கிப் பட்டை கட்டும் பழைய முறை. இன்று அதை யாரும் செய்வதில்லை. பைபாஸுக்கு (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேரே இணைப்பது) மட்டும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 12 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள், 2017ல் வெளியானது: 2 வருஷத்தில் 75, 6 வருஷத்தில் 62, 12 வருஷத்தில் 51 சதவீதம். மச்சானிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவருக்கு. ஸ்வீடன்காரர்களே 2020ல் ஆயுசையும் கணக்குப் பார்த்தார்கள். ஆபரேஷன் ஆனவர்கள், ஆகாத அதே உடல்வாகுக்காரர்களைவிட 3 வருஷம் கூட வாழ்ந்தார்கள். ஆனால் ஊரில் மற்ற மக்களைவிட 5.5 வருஷம் குறைவுதான். இதை யாரும் போஸ்டரில் போடுவதில்லை.

முதுநகர்வாசி
4 ஜூன், பகல் 1.30

நன்றிங்க. ஸ்லீவா பைபாஸானு இன்னும் முடிவாகலை. ஸ்லீவ் சின்ன ஆபரேஷன், அதையே பண்ணிக்கலாம்ங்கறா.

கெடிலக்கரை
4 ஜூன், இரவு 9.50

"சின்ன" என்ற சொல் சரியில்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். திரும்ப ஒட்டவைக்க முடியாது. குடலில் கை வைப்பதில்லை, அவ்வளவுதான். பசியைக் கிளப்பும் கிரெலின் அதிகமாகச் சுரக்கிற மேல் பகுதி போய்விடுவதால் முதல் வருஷம் பசியே தெரியாது. சில வருஷத்தில் பசி மெல்லத் திரும்பும். அதைப் பார்த்து ஆபரேஷன் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம்.

முடிவெடுக்க வேண்டிய இடம் நெஞ்செரிச்சல். மிஞ்சுவது ஒடுங்கின குழாய், உள்ளே அழுத்தம் கூடும், ஆசிட் மேலே ஏறும். பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பத்து வருஷம் பார்த்தார்கள், 2022ல் வந்தது. உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம், பைபாஸ்காரர்களில் 7. கூடுதல் எடையில் குறைந்தது முறையே 43.5, 51.9 சதவீதம்.

ராத்திரி எழுந்து உட்காருகிற அளவுக்குப் புளித்த ஏப்பம் இப்போதே இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோப்பி கட்டாயம். ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல் பகுதி மார்புக்குள் ஏறி நிற்பது), உணவுக்குழாய்ப் புண் என்று ரிப்போர்ட் வந்தால் ஸ்லீவ் பற்றி இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஸ்லீவ் ஆனபிறகும் எரிச்சல் இல்லை என்பதற்காக எண்டோஸ்கோப்பியை விட்டுவிடக் கூடாது. புண் இருந்தும் எரிச்சலே தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

பட்டைமாத்திரை
5 ஜூன், இரவு 11.20

மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து ஒன்று. ஸ்லீவ் ஆனவர்கள் ஆசிட்டைக் குறைக்கும் பான்டோப்ரசோலை வருஷக்கணக்கில் விழுங்குகிறார்கள். ஆசிட் குறைந்தால் பி12, இரும்பு இரண்டும் ஏறுவது குறையும், கால்சியம் கார்பனேட்டும் சரியாகக் கரையாது. அதனால்தான் கால்சியம் சிட்ரேட் வாங்கச் சொல்கிறோம். கடையில் கால்சியம் என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் கார்பனேட்தான்.

கெடிலக்கரை
6 ஜூன், காலை 7.15

பட்டைமாத்திரை எடுத்துக் கொடுத்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அட்டையின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எண் உப்பின் எடை. உடம்புக்குக் கிடைக்கிற கால்சியம் அதில் ஒரு பங்குதான். கார்பனேட் 1250 மி.கி. என்றால் கால்சியம் 500. சிட்ரேட் 1000 மி.கி. என்றால் வெறும் 210. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் "எலிமெண்டல்" என்று போட்டிருக்கிற எண்ணைப் பாருங்கள்.

ஸ்லீவோ பைபாஸோ, ஒரு நாளைக்குத் தேவை 1200 முதல் 1500 மி.கி. ஒரு வேளையில் 500, 600க்கு மேல் உடம்பு வாங்காது, பிரித்துத்தான் போட வேண்டும். சிட்ரேட்டிலேயே 1200ஐத் தேற்ற வேண்டும் என்றால் தினம் ஆறு மாத்திரை. ஆறா என்று மலைத்துப்போய் ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு வருஷங்களை ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

மற்றவை: இரும்பு, மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு 45 முதல் 60 மி.கி., இதுவும் எலிமெண்டல் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 இருக்கிறது. பி12, வாய்வழி தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. டி வைட்டமின் தினம் 3000 யூனிட், ரத்தத்தில் 30ஐத் தாண்டும் வரை. தயமின் (பி1 வைட்டமின்) குறைந்தது 12 மி.கி. இதெல்லாம் ஆயுள் முழுக்க.

கெடிலக்கரை
6 ஜூன், இரவு 8.30

காலையில் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 1200, 1500 சாப்பாட்டையும் சேர்த்த கணக்கு. ஒரு டம்ளர் பால் 200 மி.லி.யில் சுமார் 240 மி.கி. இருக்கிறது. கேழ்வரகு நூறு கிராமில் 340க்கு மேல். முள்ளோடு மெல்லுகிற நெத்திலியும் சேரும். அதனால் ஆறு மாத்திரை நாலாகும். மலைக்க வேண்டாம்.

நேரம் இப்படி வைத்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை இருந்தால் காலை 6 மணி, வெறும் வயிறு. 10 மணி கால்சியம். மதியம் 2 மணி இரும்பும் மல்டிவைட்டமினும், கொஞ்சம் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்து. 5 மணி கால்சியம், 9 மணி கால்சியம். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம். டீயை 4 மணிக்குத் தள்ளிவையுங்கள். இரும்பு மாத்திரைக்கு மேல் டீ குடிப்பது மாத்திரையைக் கெடிலம் ஆற்றில் போடுவது மாதிரி.

ரத்தப்புட்டி
9 ஜூன், மாலை 6.10

லேபிலிருந்து இரண்டு விஷயம்.

ஆபரேஷனான மூன்றாம் நாலாம் மாசம் முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டும். வேகமா எடை இறங்குவதன் விளைவு, பெரும்பாலும் தானே நிற்கும். ஆனால் பயந்துபோய் பயோட்டின் 10 மி.கி. வாங்கிப் போட ஆரம்பிப்பார்கள். அது பல மெஷின்களில் டெஸ்டையே குழப்பும்: தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். பொய்யாய்க் குறையும், டி4 பொய்யாய் ஏறும், டி வைட்டமின் நிறைய இருப்பதாகக் காட்டும். இல்லாத தைராய்டுக்கு வைத்தியம் ஆரம்பிக்கும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னால் நிறுத்துங்கள், கவுண்டரில் சொல்லுங்கள்.

ரெண்டாவது, எச்.பி.ஏ.1சி. (மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட், சுருக்கமா ஏ1சி). இரும்புக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சோகைக்கு இரும்பு ஏற்ற ஆரம்பித்ததும் திடுதிப்பென்று இறங்கும். சுகர் திரும்பி வந்துடுச்சேன்னு அழுவதற்கு முன் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கெடிலக்கரை
9 ஜூன், இரவு 10.00

இதைப் படித்தபிறகு மேலே நான் "சுகர் திரும்புகிறது" என்று எழுதியதைத் தனி ஆள் அளவில் கொஞ்சம் மாற்றிப் படியுங்கள். ஒரே ஒரு ஏ1சியை வைத்து முடிவுகட்டாமல், சாப்பாட்டுக்கு முன், பின் சுகரும் பார்க்க வேண்டும்.

ரத்தசோகையை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி: அரிசி டப்பா. ஆபரேஷன் ஆன பெண்கள் பச்சரிசி கொறிக்க ஆரம்பித்தாலோ ஐஸ் கட்டி கடித்தாலோ, பல்லுக்கு ஆசை என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள், ஃபெரிட்டின் பாருங்கள்.

டெஸ்ட் 3, 6, 12 மாசத்தில், அப்புறம் வருஷம் ஒரு தடவை, ஆயுசுக்கும். ஹீமோகிராம், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், டி வைட்டமின், கால்சியம், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), ஆல்புமின், ஈரல், கிரியேட்டினின், ஏ1சி, கொழுப்பு. பி.டி.எச்.சைக் காசு மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் கால்சியம் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் பி.டி.எச். எலும்பைச் சுரண்டி அதைச் சரியாக வைத்திருக்கும். பி.டி.எச். ஏறினால் எலும்பு போகிறது என்று அர்த்தம். இடுப்பெலும்பு ஸ்கேன் இரண்டாம் வருஷம் ஒன்று.

முதல் வருஷம் எல்லோரும் ஒழுங்காக வருவார்கள். மூன்றாம் வருஷம் சேலை ப்ளவுஸ் எல்லாம் அளவெடுத்துத் தைத்தாயிற்று, ஊரே புகழ்ந்தாயிற்று, இனி எதற்கு ஜிப்மர் வரிசையில் காலை ஆறு மணிக்கு நிற்பது என்று தோன்றும். உடம்பில் இருக்கிற பி12 சேமிப்பு தீர்வதும் அந்த வருஷங்களில்தான். பத்தாம் வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்டால், மூன்றாம் வருஷம் வரிசையில் நின்றாரா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதுநகர்வாசி
14 ஜூன், காலை 11.00

சாப்பாடு? எங்க வீட்டுல மீன் இல்லாம விடியாது. பாண்டி போனா அக்காவுக்கு ஃப்ரெஞ்சு ரொட்டி வேணும்.

கெடிலக்கரை
14 ஜூன், மதியம் 3.20

மீன் அதிர்ஷ்டம். தினம் 60 கிராம் புரதம் வேண்டும், வயிறு ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் பிடிக்கும். இரண்டு முட்டை 12, நூறு கிராம் சங்கரா 18, 19, தயிர் ஒரு கப் 5, பால் ஒரு டம்ளர் 6, சுண்டல் அரைக் கப் 7, பன்னீர் ஐம்பது கிராம் 9. கிட்டத்தட்டத் தேறிவிட்டது. தட்டில் மீன் முதலில், சோறு கடைசியில். குழம்பில் வெந்த மீன் இறங்கும். மொறுமொறுவென்று வறுத்த துண்டு, ஓரம் காய்ந்திருந்தால், நெஞ்சுக்குக் கீழே சிக்கி வாயில் எச்சிலாய் ஊறும்.

ரொட்டியில் மேலோடு கெட்டி, உள்ளே பஞ்சு. அந்தப் பஞ்சுதான் ஆகாது, பந்தாக உருண்டு அடைக்கும். மேலோட்டைக் கல்லில் வாட்டி மென்று தின்னலாம். பரோட்டாவும் இதே கட்சி. பண்ருட்டிப் பலாச்சுளையைச் சக்கை நாரோடு அவசரமாக விழுங்கினால் உள்ளே உருண்டையாகச் சிக்கலாம். ஒன்றிரண்டு சுளை, நார் நீக்கி, நன்றாக மென்று.

சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. முடிந்து அரை மணி கழித்துத்தான், சிறு சிறு வாயாக. ஆனால் நாள் மொத்தத்தில் தண்ணீர் குறையக் கூடாது. பைபாஸில் சிறுநீரில் ஆக்சலேட் கூடும். அக்னி நட்சத்திர வெயிலும் சேர்ந்தால் கிட்னிக் கல்தான். பசலை, தண்டுக்கீரை இரண்டையும் குறைத்து, சாப்பிடுகிற நாளில் தயிரோடு சேர்த்துச் சாப்பிடலாம், கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

கெடிலக்கரை
15 ஜூன், இரவு 9.30

இனிப்பை மறந்துவிட்டேன். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை வைத்துக்கொண்டு மறக்கலாமா.

பைபாஸ் ஆனவர் ஒரு டம்ளர் பாயசம் குடித்தால் அரை மணிக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு. இது முதல் வகை டம்பிங் (சாப்பிட்டது சட்டெனக் குடலுக்குள் கொட்டுவதால் வரும் தொல்லை). இரண்டாவது வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும்: சர்க்கரை சட்டென ஏறி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சுகர் தரைக்குப் போகும். கை நடுங்கும், கண் இருளும். இது பெரும்பாலும் முதல் வருஷத்தில் வராமல் பிறகு தலைகாட்டும், அதனால் ஆபரேஷனோடு முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. அந்த நேரத்தில் விரலில் குத்திச் சுகர் பார்த்து எழுதி வைக்க வேண்டும். குறைந்திருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், உடனே பின்னால் முட்டையோ சுண்டலோ. முழு பாட்டில் ஜூஸ் குடித்தால் அடுத்த சுற்று ஆரம்பிக்கும்.

இவர்களுக்கு கர்ப்ப காலத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கிற டெஸ்ட் கூடாது. ஒரு வாரம் வீட்டில் விரல்குத்து போதும். கர்ப்பமே முதல் 12 முதல் 18 மாசம் வேண்டாம். பைபாஸ் ஆனவர்கள் அதற்கு வாய்வழி கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

பாலத்துக்கு அந்தப்பக்கம்
15 ஜூன், இரவு 11.45

ஆம்பளைங்களுக்கு ஒன்னும் சொல்லலையே தலைவா. பீர்?

கெடிலக்கரை
16 ஜூன், காலை 7.00

கேட்டுவிட்டீர்களே. பைபாஸுக்குப் பிறகு சாராயம் வயிற்றில் தங்காமல் நேரே குடலுக்குப் போகிறது. சீக்கிரம் ஏறும், முன்னைவிட உச்சத்துக்கு ஏறும். முன்பு நாலில் நின்றவர் இரண்டில் சாய்வார். புதுச்சேரியில் இரண்டே இரண்டு என்று முடித்துவிட்டு முள்ளோடை தாண்டுகிறவர் 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. என்ற சட்ட எல்லையைத் தாண்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கூடவே சுகர் இறங்கும் ஆபத்து.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. குடிப்பழக்கம் இரண்டாம் வருஷத்துக்கு மேல் கூடுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, முன்பு அதிகம் குடிக்காதவர்களிடமும். தற்கொலையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் ஆபரேஷன் ஆனவர்களில் அதிகம் என்றும் பதிவாகியிருக்கிறது. எடை குறைந்தவர் ஏன் வாடியிருக்கிறார் என்று வீட்டில் ஒருவராவது கவனிக்க வேண்டும். மனநல டாக்டரிடம் போவதற்குத் தயங்க வேண்டாம்.

பட்டைமாத்திரை
18 ஜூன், இரவு 10.40

பைபாஸ் ஆனவர்கள் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வராதீர்கள். குடல் இணைப்பில் புண் வந்து ஓட்டை விழலாம். பாரசிட்டமால்தான். பீடி, சிகரெட்டும் அதே புண்ணுக்கு வழி. "எக்ஸ்.ஆர்.", "எஸ்.ஆர்." என்று முடிகிற மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் திரும்பக் கேளுங்கள். மெல்லக் கரைவதற்குள் குடலைக் கடந்துவிடலாம்.

கெடிலக்கரை
18 ஜூன், இரவு 11.30

கேஷுவால்டி விஷயம் இரண்டு, வீட்டுக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை.

ஒன்று வாந்தி. இரண்டு மூன்று வாரம் விடாமல் வாந்தி எடுத்தால் தயமின் தீர்ந்துவிடும். அந்த நிலையில் நேராகக் குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அறிகுறி. "வயித்து ஆபரேஷன் ஆனவங்க, தயமின் போட்டாச்சா?" என்று நர்ஸிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டு வலி. பைபாஸில் குடலைத் திசைமாற்றி இணைக்கும்போது உள்ளே சந்துகள் உண்டாகும். எடை குறைந்து கொழுப்பு கரைந்ததும் சந்து அகலும், வருஷங்கள் கழித்துக்கூட குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும், அடங்கும், திரும்ப வரும். பைபாஸில் வாந்தி இல்லாமலும் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருந்தால் குடல் அழுகும். பித்தப்பைக் கல்லும் இதேபோல் வலிக்கும். அதற்குத்தான் முதல் ஆறு மாசம் அர்சோ மாத்திரை 300 மி.கி. இருவேளை கொடுப்பது.

முதுநகர்வாசி
2 ஜூலை, இரவு 8.15

எண்டோஸ்கோப்பி ஆச்சுங்க. ஹயாட்டஸ் ஹெர்னியா இருக்காம், பைபாஸ்னு முடிவு. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? பாதில எடை ஏறிட்டா எடை குறைக்கிற அந்தப் புது ஊசி போடலாமா?

கெடிலக்கரை
2 ஜூலை, இரவு 10.30

இன்ஷூரன்ஸ்: இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி 18 வயது முடிந்திருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல், கூடவே கட்டுக்கடங்காத சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு மாதிரி ஒன்று. அக்கா 45, தாண்டிவிட்டார். ஆனால் டாக்டர்கள் ஆசியர்களுக்கு 27.5லேயே பேச ஆரம்பிக்கிறார்கள், பாலிசிக்காரர் 35ல்தான் கண் திறக்கிறார். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும், அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

எடை, இரண்டாம் வருஷத்துக்கு மேல் கொஞ்சம் ஏறுவது பலருக்கும் உள்ளதுதான். மவுஞ்சாரோ மார்ச்சில் இந்தியாவுக்கு வந்துவிட்டது, வெகோவி போன மாசம். ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கு இவை கொடுக்கிறார்கள். நிறுத்தினால் எடை திரும்பும், ஏற்கெனவே குறைந்த சாப்பாடு இன்னும் குறையும், புரதக் கணக்கு இடிக்கும். ஊசிக்கு முன் குடிக்கிற காப்பிச் சர்க்கரையையும் சீரியல் நேர மிக்சரையும் எண்ணிப் பாருங்கள். வயிறு சின்னதானாலும் மிக்சர் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஆபரேஷனுக்கு முன் கண் பார்த்துவிடுங்கள், தவளக்குப்பம் அரவிந்த் வழியில்தானே. சுகர் வேகமாக இறங்கினால் பழைய விழித்திரைப் பாதிப்பு கொஞ்ச நாள் கூடலாம். ஆபரேஷன் ஆனதும் சுகர், பிரஷர் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், பழைய சீட்டை வைத்து விழுங்கக் கூடாது.

கெடிலக்கரை
3 ஜூலை, காலை 6.20

விட்டுப்போன ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் "பைபாஸ் செய்யப்பட்டது" என்று ஒற்றை வரியோடு அனுப்பிவிடுவார்கள். விடாதீர்கள், எழுதி வாங்குங்கள்: எந்த வகை பைபாஸ், பை எவ்வளவு பெரிது, குடலின் இரண்டு கைகளும் (பிரித்து இணைத்த இரண்டு துண்டுகள்) எத்தனை எத்தனை செ.மீ., உள்ளே இருந்த சந்துகளைத் தைத்து மூடினார்களா இல்லையா. அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து ஒன்று பீரோவில், போட்டோ எடுத்து அக்கா, மச்சான், நீங்கள், மூன்று பேர் போனிலும். ஆறாம் வருஷம் ஒரு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேஷுவால்டிக்குப் போனால், அங்கே இருக்கிற டாக்டருக்கு அது எந்த ஆபரேஷன் என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.